முதுமை: வாசலுக்கு வரவேண்டிய பொதுச் சேவை

(டெல்லியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அவசரநிலைக் காலத்தில் டெல்லியின் குடிசைப் பகுதிகள் இடிக்கப்பட்டு, உழைக்கும் மக்கள் யமுனைக்கு அப்பாலுள்ள திரிலோக்புரி போன்ற பகுதிகளுக்கு விரட்டப்பட்டனர். அன்று இளைஞர்களாக இருந்தோர் இன்று எழுபதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றனர். இந்நகரைக் கட்டி எழுப்பிய அவர்களில் பலருக்கு வருங்கால வைப்புநிதி இல்லை. மூட்டுத் தேய்ந்தவருக்கு மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு. ஆயினும், பழகிய வீட்டிலேயே மானத்தோடு வாழவே அவர்கள் விரும்புகின்றனர்.

அதற்கு ஒன்றிய அரசு தருவது என்ன? 1995இல் 75 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தில் அதன் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய். 80 வயதானோர்க்கு 500 ரூபாய். எஞ்சியதை மாநிலங்களே சுமக்கின்றன. 2024இல் 70 வயது நிரம்பியோர்க்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்ந்தால் அது பயன்படும். நோயாளியின் வீட்டுக்குச் சென்று குளிப்பாட்டவும், புண்ணுக்கு மருந்திடவும், நடக்கப் பழக்கவும் அதில் இடமில்லை.

முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வகை செய்யவேண்டும் என்கிறது அரசமைப்பின் 41ஆம் பிரிவு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமோ அக்கடமையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறது. மகன் ஒப்பந்தத் தொழிலாளி, மருமகள் பிறர் வீட்டில் வேலை செய்பவர் என்றால், பெற்றோரைப் பகலில் யார் பார்ப்பது? பெரும்பாலும் பெண்ணே வேலையை விட நேர்கிறது.

மாற்று வழி நாட்டிலேயே உண்டு. கேரளத்தில் 2008இன் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கைக்குப் பின், உள்ளாட்சிகள் வழியே செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டு சேர்க்கிறது.

ஆனால் மாத்திரை கொண்டு செல்லும் பெண் ‘தன்னார்வலர்’ எனப்படுகிறார். ஆஷா ஊழியரின் நிலையும் அதுவே. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கவேண்டும் என 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்றும் நிறைவேறவில்லை. பராமரிப்பவரின் வயிறு வாடினால் பராமரிப்பும் வாடும்.

எனவே, குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் குறையாத ஓய்வூதியம், வார்டுதோறும் வீட்டுப் பராமரிப்புக் குழு, அக்குழுவினர்க்கு நிரந்தரப் பணி ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையின் மூன்று முகங்கள். கட்சிக் கிளைகள் தத்தம் தெருவில் படியிறங்க இயலாதோரின் பட்டியலைத் தொகுக்கட்டும். ஆஷா ஊழியரின் அடுத்த போராட்டத்தில் அப்பட்டியலும் கோரிக்கை மனுவாக முன்வைக்கப்படட்டும்.