பாட்டனார் வைத்திருந்த பத்தெழுத்துச் சொல்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இளைய வணிகர்கள் சார்பில் சில நிமிடங்கள் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். ஜவுளி, மளிகை, நாணய மாற்று, உணவகம் பற்றிப் பேச இங்கே அனுபவசாலிகள் பலர் இருக்கிறார்கள். ஆகவே, நம்மவர்கள் செய்து நாம் மறந்துவிட்ட ஒரு வியாபாரத்தை நினைவுபடுத்த வந்தோம். அது புத்தக வியாபாரம்.

சிங்கப்பூரில் அச்சுத் தொழிலுக்கும் நம் சமுதாயத்துக்கும் உள்ள உறவு பழையது. முகம்மது அப்துல் காதிர் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872இல் இங்கே அச்சானது. இந்நாட்டில் அச்சாகி இன்றும் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களில் அதுவும் ஒன்று. 1876இல் 'ஜாவி பெரானாக்கான்' என்ற மலாய்ச் செய்தித்தாளைத் தொடங்கியவர்கள் இங்கே பிறந்த இந்திய முஸ்லிம் வழியினர். 1887இல் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கி, 1890 வரை நடத்தினார்.

பிராஸ் பாசா சாலையில் வரிசையாக இருந்த புத்தகக் கடைகள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1950களிலும் 60களிலும் அந்தக் கடைக்காரர்களில் பலர் இந்திய முஸ்லிம்கள். எங்கள் பாட்டனாரும் அங்கே ஒரு கடையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்துப் பழைய பாடப் புத்தகங்கள் விற்றார்.

அந்த வியாபாரத்தின் கணக்கு எளிது. ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் மாணவர்களிடம் புத்தகம் வாங்க வேண்டும். பென்சில் கோடுகளை அழித்து, கிழிந்த முதுகை ஒட்டி, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது விற்க வேண்டும். அந்த இரண்டு மாத வியாபாரத்தில்தான் ஆண்டு முழுக்க அடுப்பெரியும். பாடத்திட்டம் மாறிவிட்டால் வாங்கி வைத்ததெல்லாம் வெறும் காகிதம். காசில்லாத பிள்ளை வந்தால் பாட்டனார் கடனாகக் கொடுப்பார். அதில் பாதி திரும்பி வராது என்று அத்தா சொல்வார்கள்.

பாட்டனாரிடம் பத்தெழுத்துள்ள ஒரு இரகசியச் சொல் இருந்தது. முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு, பத்தாம் எழுத்து சுழியம். வாங்கிய விலையை அந்த எழுத்துகளால் பின் அட்டையின் உள்பக்கம் குறித்து வைப்பார். எந்த விலைக்கு இறங்கலாம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

1980இல் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் வந்தது. பல புத்தகக் கடைகள் அங்கே போயின. பாட்டனார் போகவில்லை. மிஞ்சிய சரக்கு வீட்டுக்கு வந்தது. அவர் மவுத்தான பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பெட்டிகள் வீவக வீட்டின் சாமான் அறையில் கிடந்தன. நாங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வியாபாரத்தில் இறங்கிய நேரம், எங்கள் சரக்கு வைக்க இடம் தேவைப்பட்டது. காராங்குனிக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கிலோ கணக்கில் போட்டோம். அதில் பாடப் புத்தகங்கள் மட்டுமில்லை. மவ்லிது கிதாபுகள், அரபுத் தமிழ் நூல்கள், பழைய விழா மலர்கள், பாட்டனாரின் கணக்கு நோட்டுகள் எல்லாம் இருந்தன. கிடைத்த பணம் அன்றைய மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

இன்று எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு அட்லஸ். அதன் பின் அட்டையில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அது எவ்வளவு என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அந்தச் சொல் கணக்கு நோட்டில் இருந்திருக்கலாம்.

'சிங்கை நேசன்' மட்டும் எப்படித் தப்பியது? 1886இல் வந்த நூல் பதிவுச் சட்டப்படி, இங்கே அச்சாகும் வெளியீடுகளின் படிகளை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்ததால்தான் அந்தக் காலத்து அச்சில் பல இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. வீட்டோடும் கடையோடும் நின்றுபோனவற்றில் எத்தனையோ போய்விட்டன.

2015இல் தமிழ்ச் சமூகமும் தேசிய நூலகமும் சேர்ந்து, 1965க்குப் பிறகு வந்த சுமார் 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னூல்களாக்கின. அது பெரிய வேலை. ஆனால் அதற்கு முந்தையவையும், நம் சங்கங்களின் மலர்களும், கடை நோட்டுகளும் நம் வீட்டு அலமாரிகளில்தான் தேடப்பட வேண்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வீடு மாறும்போது, பெரியவர்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் எறியாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நூலகத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் பொறுப்பை இளைஞர்களாகிய நாங்கள் ஏற்கிறோம். வண்டி எங்களிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்கிறோம். அத்தாமார், அம்மாமார் உயிரோடு இருக்கும்போதே, அந்த நோட்டில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டு வையுங்கள்.

அல்லாஹ் நம் முன்னோர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.