நாற்பத்தொரு குண்டுக்கு நாற்பத்தொரு குரல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் ஆற்றிய உரை)



நம் இளைஞர்கள் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் சங்கக் கூடத்தில் ராப் பாட்டுப் பழக அனுமதி வேண்டும் என்கிறார்கள். "அது பாட்டா, சண்டையா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். இருதரப்புக்கும் பதில் சொல்லும் பொறுப்பைச் செயற்குழு எங்களிடம் விட்டிருக்கிறது. அமெரிக்காவில் வெளிவந்த ஒரு இசைத்தட்டின் கதையைச் சொல்லிப் பதில் தருகிறோம்.

இந்தப் பாட்டு பிறந்த வீட்டை முதலில் பாருங்கள். நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்ற ஏழைகள் வாழும் பகுதி. 1973 ஆகஸ்டு 11 அன்று அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் விருந்து ஒன்று நடந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை ஏற்பாடு செய்த விருந்து அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு. அவர்கள் நாட்டுக் காசு. இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அந்தப் பெண்ணின் அண்ணன், கூல் ஹெர்க். ஜமைக்காத் தீவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஹிப் ஹாப் அங்கேதான் பிறந்தது என்று உலகம் சொல்கிறது. ஆக, இது குடியேறியவர் வீட்டுப் பிள்ளை. நம்மைப் போன்றவர் வீட்டுப் பிள்ளை.

அதே பிராங்க்ஸில் 26 ஆண்டுகள் கழித்து நடந்ததைக் கேளுங்கள். அமடு டியாலோ, வயது 23. ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. மன்ஹாட்டனில் நடைபாதையில் காலுறை, கையுறை, வீடியோ நாடா விற்றுப் பிழைத்தவர். 1999 பிப்ரவரி 4, நள்ளிரவு கடந்த நேரம். தாம் குடியிருந்த கட்டிடத்தின் வாசலில் நின்றிருந்தார். சீருடை அணியாத நான்கு போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். வேறொரு குற்றவாளியைத் தேடி வந்ததாகப் பின்னால் சொன்னார்கள். டியாலோ பைக்குள் கைவிட்டு எடுத்தது மணிபர்ஸ். அதைத் துப்பாக்கி என்று நினைத்தோம் என்றார்கள். 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் உடலில் பாய்ந்தன. அவரிடம் எந்த ஆயுதமும் இல்லை.

தோழர்களே, ஊர்விட்டு ஊர் வந்தவனைப் போலீஸ் அதட்டினால் அவன் கை எங்கே போகும்? அடையாள அட்டை இருக்கும் பைக்குத்தான் போகும். இது நமக்குத் தெரியாத விஷயமா?

நியூயார்க் கொதித்தது. போலீஸ் தலைமையகத்தின் முன் மறியல் செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். முன்னாள் மேயர் டேவிட் டிங்கின்ஸும் அவர்களில் ஒருவர். ஆனால் வழக்கைப் பிராங்க்ஸிலிருந்து ஆல்பனி நகருக்கு மாற்றினார்கள். 2000 பிப்ரவரி 25 அன்று நால்வரும் விடுதலை. குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2004இல் நகர நிர்வாகம் 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்தார்கள், தண்டனை யாருக்கும் இல்லை.

அந்த 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்ததுதான் நாங்கள் சொல்ல வந்த இசைத்தட்டு. 'ஹிப் ஹாப் ஃபார் ரெஸ்பெக்ட்' என்று பெயர். மரியாதைக்காக ஹிப் ஹாப் என்று பொருள். புரூக்ளின் பாடகர்கள் மோஸ் டெஃப், டாலிப் குவேலி இருவரும் முன்னின்று திரட்டினார்கள். 41 குண்டுக்கு 41 பாடகர் என்பது திட்டம். காமன், ஃபரோ மான்ச், ரா டிகா என்று தனித்தனியே பெயர் பெற்றவர்கள் வந்து ஆளுக்குச் சில வரி பாடினார்கள். யாரும் நாயகன் இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுத்தார். தொகுப்பு இசைத்தட்டு என்றால் அதுதான். தோழர்களே, சங்கம் என்றாலும் அதுதானே!

அந்தத் தட்டு தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் கோப்பில் ஒரு எண்ணாக முடிந்திருக்க வேண்டிய நடைபாதை வியாபாரியின் பெயர் பாட்டாகத் தங்கிவிட்டது.

இதை வெளியிட்டது ராக்கஸ் என்ற சுயேச்சைக் கம்பெனி. அறிமுகமில்லாத பாடகர்களைச் சேர்த்து 1997இல் 'சவுண்ட்பாமிங்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்து பெயர் வாங்கிய கம்பெனி அது. ஆனால் ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்கு, சுயேச்சை என்ற சொல்லைக் கேட்டதும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். புரட்டினால், பத்திரிகை உலகப் பெருமுதலாளி ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸின் முதலீடு உள்ளே இருந்தது. பின்னாளில் ராக்கஸ் பெருங்கம்பெனி ஒன்றின் விநியோக வலைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியம் நடந்ததை மறுக்கவில்லை. வாடகைக் கூரையின் கீழ் நடந்தது என்கிறோம். கூரை யாருடையதோ, அவர் சொல்லும்வரைதான் பாட்டு.

அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட 'கம்பெனி ஃப்ளோ' என்ற குழு இதை முன்பே புரிந்துகொண்டிருந்தது. செலவு போக லாபத்தில் சரிபாதி, பதிவின் உரிமை எங்களுக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவரான எல்-பி பிறகு வெளியேறி, சொந்தமாகவே கம்பெனி தொடங்கினார்.

இப்போது நம் பக்கம் வருவோம். தாராவியில் நம் பிள்ளைகள் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ராப் பாடுகிறார்கள். அங்கிருந்து கிளம்பிய 'டோப்அடெலிக்ஸ்' குழுவின் குரல் 2018இல் 'காலா' படத்தில் ஒலித்தது. திறமைக்குக் குறைவில்லை. பாட வேண்டிய சங்கதிக்கும் குறைவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் மாண்டார்கள். கூலிக்காகத் தமிழகத்திலிருந்து போனவர்கள். "மரம் வெட்டப் போனவர்கள்" என்ற ஒரே சொல்லில் ஊர் அவர்களை அடக்கிவிட்டது. அந்த 20 பேரில் ஒருவர் பெயராவது இந்தக் கூடத்தில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஆகவே, பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் நம் வீடுகளில் இடம் உண்டு. துக்கத்தையும் கோபத்தையும் வேகமாகச் சொல்லும் இந்தப் பாட்டுக்கும் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் இடம் கொடுப்போம்.

தம்பிமார்களே, உங்களுக்கும் நான்கு நிபந்தனை. பெண்களை இழிவுசெய்யும் வரி இந்தக் கூடத்தில் கூடாது. பதிவு செய்தால் உரிமை பாடியவர் பெயரில் இருக்க வேண்டும். எந்தக் கம்பெனிக்காரர் வந்தாலும் தாளைச் சங்கத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது. வரவு செலவுக்கு ரசீது வேண்டும்.

முதல் தொகுப்புக்கு ஆகும் செலவை எந்தப் பெரிய மனிதரிடமும் கேட்க வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். நம் சங்கப் பத்திரிகை சந்தாவில் நடப்பதுபோல இதுவும் நடக்கட்டும். உண்டியல் இப்போது வாசலில் இருக்கிறது. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்; உயர்த்திய கையோடு உண்டியல் பக்கமும் வாருங்கள்.