வாரம் ஒரு வீட்டுப்பாடம்

சுக்கும் மிளகும் மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதப் பழகுகின்றான். வீட்டில் தமிழ் பேசுகின்றான். எனினும், ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்க அவனால் இயலவில்லை.

பள்ளிப்பாடத்திற்கே நேரம் போதவில்லையே என்பீர்கள். ஆனால் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கின்றது; 3 முதல் 5 வரை, வாரத்திற்கு 2 மணிக்கு மேற்படலாகாது என்கின்றது. பிஞ்சு உள்ளத்தில் சுமை ஏறலாகாது என்பதே அதன் கருத்து.

ஆதலின் தமிழையும் சுமையாக்க வேண்டா. ஞாயிறுதோறும் அரைமணி போதும். மலையாளத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றின் வரிசையிலும் நான்கு வல்லெழுத்துகள் உண்டு, தமிழில் ஒன்றே. ழகரமோ இருமொழிக்கும் பொது. ஆகவே அவனுக்கு ஒலி புதிதன்று, வடிவமே புதிது.

வாரம் 3 எழுத்தாயின், 12 உயிரும் 18 மெய்யும் 10 வாரத்தில் அடங்கும். கற்றவற்றைக் கொண்டு பாட்டிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதச் செய்யுங்கள். பிழை இருப்பினும் அப்படியே அனுப்புங்கள். மறுமொழி வரும் நாளில், அதனை அவனே படிக்கட்டும்.