தொழிலாளரும் சாதிப் பிளவும்

(பெருமுக்கலில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொழிலாளர், சாதி, அரசியற் கட்சி என்னும் மூன்றைப் பற்றியது. சங்கக் கூட்டத்தில் நம் குலப்பெருமை பேசுவதே வழக்கமாயிருக்க, ஆலைத் தொழிலாளர் கதை ஈண்டு எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். நம்மில் பெரும்பாலோர் உழைத்துண்பவர். ஆகவே உழைப்பாளர் கதை நம் கதையேயாம்.

எதிரே நிற்கும் இம்மலையை நோக்குங்கள். இதன்மேலிருந்த கோட்டையை 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி கூட் என்பவர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். பொருதவர் இருவரும் அயலார். ஆயினும் அப்படைகளுக்கு மூட்டை சுமந்தவரும், நீர் இறைத்தவரும், கல் தூக்கியவரும் யாவர்? இப்பக்கத்து ஊர்த்தெருவாரும் சேரித்தெருவாருமாகவே இருந்திருப்பர் என்று எண்ணுதல் தவறாகாது. வென்றவர் பெயர் சரித்திரத்தில் நின்றது. சுமந்தவர் பெயர் நிற்கவில்லை.

இனிச் சென்னைக்குச் செல்வோம். பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் நிருவாகத்தில் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. முதலாளிகள் ஐரோப்பியர். தொழிலாளரோ சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர் என முத்திறத்தார். நெடுநேர வேலை, உண்பதற்குப் போதாத இடைவேளை, மேலாளர் கையடி ஆகியவற்றால் அவர்கள் வருந்தினர். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இருவரின் முயற்சியால் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைவராகவும், நம் தமிழ்ப்பெரியார் திரு. வி. கலியாணசுந்தர முதலியார் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் அமர்ந்தனர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர். தலைவர் பார்சி, துணைத் தலைவர் சைவத் தமிழர், உறுப்பினர் பல சாதியார். தொடக்கம் இங்ஙனம் அழகாயிருந்தது.

1920 டிசம்பரில் ஆலைப்பூசலின்போது போலீசார் சுட்டதில் தொழிலாளர் இருவர் மாண்டனர். கம்பெனியார் சங்கத் தலைவர்மீது உயர்நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் பெற்றனர். முடிவில் வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்றும் விலக நேர்ந்தது. சங்கம் வைப்பதே குற்றம்போலத் தோன்றிய இந்நிலைமைதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு ஒரு காரணமாயிற்று.

பெருந்துன்பம் 1921-இல் நேர்ந்தது. கூலி உயர்வு வேண்டி மே மாதத்தில் கர்நாடிக் ஆலையிலும், ஜூன் மாதத்தில் பக்கிங்ஹாம் ஆலையிலும் வேலை நின்றது. ஆனால் இம்முறை ஆதிதிராவிடருள் மிகப் பலர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை, ஆலைக்குள் சென்றனர். வெளியே நின்றவர் அவர்களைத் துரோகிகள் எனத் தூற்றினர். வாய்ச்சொல் கைகலப்பாயிற்று, கைகலப்பு கல்லெறியாயிற்று. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. பின்னர் இருபுறத்தும் வீடெரிப்பும் கொலையும் தொடர்ந்தன. ஆகஸ்டு 29-ஆம் நாள் போலீசார் மீண்டும் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். ஏறக்குறைய ஆறு திங்கள் பட்டினி கிடந்தபின், கேட்டதைப் பெறாமலே தொழிலாளர் ஆலை திரும்பினர். வென்றவர் யாவர்? கம்பெனியாரே.

அன்பர்களே! அவர்கள் ஏன் உள்ளே சென்றனர் என்பதைச் சினங்கொள்ளாது ஆராய்தல் வேண்டும். பிறர்க்கு ஊரில் காணியோ, உறவினர் வீடோ, கடன் கொடுப்பாரோ ஒருசிலரேனும் இருந்தனர். ஆதிதிராவிடர்க்கு அன்றாடக் கூலியே உயிர். அன்றியும், தண்ணீர்க் குழாயடியில் தம்மை விலக்குபவர், ஆலை வாயிலில் மட்டும் ‘சகோதரா, எம்மோடு நில்’ என்று அழைத்தால், அவ்வழைப்பில் நம்பிக்கை பிறத்தல் எங்ஙனம்? அவர்தம் தலைவர் எம். சி. ராஜா போன்றோர் வேலைக்குச் செல்லுதலே தக்கது எனக் கருதினர். உள்ளே சென்றது ஒற்றுமைக்குக் கேடாயிற்று என்பது உண்மை. அக்கேட்டின் விதையை முன்னரே ஊன்றியவர் பிறர் என்பதும் உண்மை.

கட்சிகள் என்ன செய்தன? அப்போது சென்னை மாகாணத்தில் ஜஸ்டிஸ் கட்சியார் மந்திரிகளாயிருந்தனர். முதல் மந்திரியாய் முதன்முதல் அமர்ந்தவர் நம் தென்னார்க்காட்டுச் சுப்பராயலு ரெட்டியார். அவ்வாண்டு ஜூலையில் பனகல் அரசர் அப்பதவியை ஏற்றார். இரட்டையாட்சி முறையில் போலீஸ் மந்திரிகள் கையில் இல்லை. கவர்னரின் நிருவாக சபையின் வசமிருந்தது. அக்கட்சித் தலைவருள் சிலர், தொழில் இலாகா அதிகாரிகள் ஆதிதிராவிடர்க்கு அளவுமீறிச் சலுகை காட்டியதே கலகத்திற்குக் காரணம் என்று குறை கூறினர். மனம் புண்பட்ட ராஜா 1923-இல் அக்கட்சியை விட்டு நீங்கினார். காங்கிரசாரோ ஒத்துழையாமை இயக்கத்தில் முனைந்திருந்தனர். தொழிலாளர் குறை கட்சிகளின் போர்க்கருவியாயிற்றேயன்றி, அக்குறை தீர்ந்தபாடில்லை.

இது நம் நாட்டிற்கே உரிய நோய் அன்று. அமெரிக்காவில் 1919-இல் மூன்றரை இலட்சம் இரும்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளையர் சங்கங்கள் பல, கறுப்பு மக்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்திருந்தன. முதலாளிகள் அம்மக்களையே பல்லாயிரக்கணக்கில் ஆலைகளுக்குக் கொணர்ந்தனர். வேலைநிறுத்தம் 1920 ஜனவரியில் தோற்றது. வெளியே தள்ளப்பட்டவன் எதிரியின் கையாளாதல் எங்கும் நிகழ்வதே. பின்னர் 1930-களில் எழுந்த புதிய தொழிற்சங்கங்கள் இருநிறத்தாரையும் சேர்த்துக்கொண்ட பின்னரே இரும்பாலை முதலாளிகள் இறங்கிவந்தனர். ரயில்வண்டிப் பணியாளராயிருந்த கறுப்பு மக்களுக்கு 1925-இல் சங்கம் கண்ட ராண்டால்ப் என்பவர், பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல் புல்மன் கம்பெனியோடு உடன்படிக்கை செய்தார்.

பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் இதுவே கதை. அறுந்த நூலை எச்சிலால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்ததனால், தீண்டாதார் எனப்பட்டவரை நல்ல கூலி தரும் நெசவுப் பகுதியில் சேர்க்கத் தொழிலாளரே இசைந்திலர். இதனைக் கண்டித்த அம்பேத்கர் 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கண்டார். முதலாளித்துவம் ஒன்றே தொழிலாளியின் பகையன்று, சாதியுயர்வு மனப்பான்மையும் பகையே என்பது அவர் கொள்கை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1951-இல் இராமசாமிப் படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். மாணிக்கவேலு நாயகர் காமன்வீல் கட்சியை நடத்தினார். 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையில் முன்னது 19 இடங்களையும், பின்னது 6 இடங்களையும் வென்றன. அந்நாளில் திண்டிவனம் மக்களவைத் தொகுதிக்கு உறுப்பினர் இருவர். அவற்றுள் ஓரிடம் ஆதிதிராவிடர்க்கு உரியது. அவ்விரண்டு இடங்களையும் உழைப்பாளர் கட்சியே பெற்றது. இருதெருவாரும் ஒரு கட்சியின் பெயரால் ஒருங்கே டில்லி சென்றனர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. ஆனால் தலைவர்கள் மந்திரிகளாயினர், கட்சிகள் கலைந்தன. மந்திரி பதவி பெருமையே. எனினும் வயற்கூலியைப் பேசுதற்கு ஊரில் எவ்வமைப்பும் எஞ்சவில்லை.

அடுத்து, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்கின்றேன். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு வேண்டி நம்மவர் மறியல் செய்து உயிர்ப்பலி தந்தனர். அத்தியாகத்தை நாம் ஆண்டுதோறும் நினைக்கின்றோம், நினைத்தல் கடன். அந்நாள்களில் தென்னார்க்காட்டில் சேரிக் குடிசைகள் எரிந்தமையை மட்டும் நினைப்பதில்லை. புளியந்தோப்புத் தீயைக் குறைகூறும் நாம், இத்தீயைக் கண்டு வாய்மூடுதல் அறமாகுமா?

அவர்களோடு ஒரு பாயில் அமர்ந்தால் நம் மதிப்புக் குன்றாதா எனச் சில பெரியோர் கேட்பர். ஐயா! நாற்றுநடவிலும், மணிலாக்கொட்டைப் பறிப்பிலும், கல்லுடைப்பிலும் இருதெருப் பெண்டிரும் ஒரே வெயிலில் நிற்கின்றனர். ஊர்த்தெருவார் கூலி மிகக் கேட்டால் சேரித்தெருவாரை அழைப்பேன் என்று நிலக்காரர் அச்சுறுத்துகின்றார். அவர்கள் கேட்டால் நம்மை அழைப்பேன் என்கின்றார். இதனால் இருவர் கூலியும் தேய்கின்றது. அந்நிலக்காரருள் நம்மவரும் உளர் என்பதை யான் மறைக்கவில்லை. அவர்கள் முன்னிலையில் இதனைக் கூறுதல் எனக்கு எளிதன்று.

ஆதலின் இச்சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். கல்வி நிதியும் திருமண உதவியும் நடந்தபடியே நடக்கட்டும். அவற்றோடு, வரும் அறுவடைக்குமுன் இருதெருவிலிருந்தும் ஐவர் ஐவராக உழைப்பாளரைத் தேர்ந்து, கூலியை ஒருங்கே பேசும் குழு ஒன்று அமைதல் வேண்டும். அதிற் சரிபாதி பெண்டிராக இருத்தல் நலம். நடவும் களையும் அறிந்தவர் அவர்களே. குழு கூடும் இடம் நம் தெருவும் அன்று, அவர் தெருவும் அன்று. பொதுவிடமாகிய பள்ளிக்கூடத் திண்ணையாகுக. அதனைப் பெருக்கி விளக்கேற்றி வைக்கும் பணியை ஆசிரியனாகிய யானே ஏற்கின்றேன்.

சென்னைத் தொழிலாளர் தோற்றது கம்பெனியின் செல்வத்தால் மட்டும் அன்று. தம்முள் பிரிந்தமையால் தோற்றனர். அவ்வாலையும் 1996-இல் மூடப்பட்டது. ஆலை போயிற்று, அது கற்பித்த பாடம் நமக்கு எஞ்சியிருக்கின்றது. பாடத்தைப் படித்தவர் அடுத்த வகுப்புக்குச் செல்வர். படியாதவர் அதே வகுப்பில் அமர்வர். நாம் எதனைச் செய்யப்போகின்றோம் என்பதை இவ்வவையே தீர்மானிக்கட்டும்.