தீக்குத் தப்பிய பூங்கா

நம் வளாகத்து ஊஞ்சல், சறுக்குமரத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. முடிவெடுக்கும் முன் ஒரு பழைய கதை கேளுங்கள்.

நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில், 1897-இல் ஜார்ஜ் டில்யூ என்பவர் 'ஸ்டீபிள்சேஸ்' பூங்காவைத் தொடங்கினார். தண்டவாளத்தில் ஓடும் குதிரைப் பொம்மைகளில் ஏறிப் பந்தயம் போகலாம். 1907-இல் பூங்கா தீக்கிரையானது. மறுநாளே, 'எரிந்த இடத்தைப் பார்க்க 10 சென்ட்' என்று பலகை வைத்தார் மனிதர்! மீண்டும் கட்டினார். 1914-இல் அவர் காலமான பிறகும் குடும்பத்தார் ஐம்பது ஆண்டு நடத்தினார்கள்.

பின்னாளில் கூட்டம் குறைந்தது. 1964-இல், நிர்வாகத்தைக் கவனித்துவந்த மகன் ஃபிராங்க் காலமானார். அந்த சீசனோடு பூங்காவை மூடினார்கள். இடத்தை வாங்கிய ஃபிரெட் டிரம்ப், அடுக்குமாடி வீடுகள் கட்ட நினைத்து 1966-இல் பூங்காவை இடித்தார். அனுமதி கிடைக்கவில்லை. பூங்காவும் போனது, வீடும் வரவில்லை.

தீக்குத் தப்பியது, பொறுப்பேற்க ஆளில்லாமல் போயிற்று. நம் ஊஞ்சலுக்கும் துரு காரணமல்ல, கவனிக்க ஆளில்லை. ஆகவே, எடுப்பதா வேண்டாமா என்பதற்கு முன், யார் பார்த்துக்கொள்வது என்று இன்றே இரண்டு பெயர் எழுதுவோம்.