செவரும் கெணறும்



இந்தப் பட்டமளிப்பு விழாவின் வாசல் பேனரில் 'வாழ்த்துக்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். 'க்' போட்டால் கள்ளைக் குறிக்கும் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வாழ்த்தோடு கள்ளும் கிடைக்கும் என்று நம்பி கேரளத்தின் இந்தப் பொன்முடி மலைக்கு யாரும் 22 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு வடிவமும் நெடுநாளாகப் புழங்குகின்றன. அந்தச் சண்டை போகட்டும்.

பலரும் எழுதும் 'சுவற்றில்' கதை வேறு. கிணறு, வயிறு, கயிறு எல்லாம் 'று' என்று முடிவதால் கிணற்றில், வயிற்றில், கயிற்றில் என்று இரட்டிக்கின்றன. சுவர் 'ர்' என்று முடிகிறது. சுவரில் என்பதே சரி. பிறகு 'சுவற்றில்' எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. 'செவரு' என்று சொல்லும் வாய்க்கு அது 'கெணறு'வின் தம்பி. 'கெணத்துல' என்பதைப் பார்த்து 'செவத்துல' பிறந்துவிட்டது. உள்ளுக்குள் இருக்கும் விதியை விடாப்பிடியாகப் பின்பற்றியதால் வந்த பிழை இது. அறியாமை என்று ஏசுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மலையிறங்கி விதுராவிலோ நெடுமங்காட்டிலோ மலையாளம் பேசும் ஒரு பாட்டியைக் கேளுங்கள். சுவரில், கிணற்றில் என்று பிசகாமல் சொல்வார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவராகவும் இருக்கலாம். ர, ற வேறுபாடு இந்த மண்ணில் வாயிலேயே உயிரோடு இருக்கிறது. குமரி மாவட்டத் தமிழிலும் அப்படித்தான். கீழே ஓடும் கல்லாற்றில் குளிக்கப் போகிறவர் யாரும் நன்னூல் இலக்கணம் பார்த்துவிட்டு 'ற்' போடுவதில்லை.

இப்படிப்பட்ட வாய்ப்பேச்சை மதித்த அறிஞர் ஒருவர் உண்டு. நாகர்கோவில் வடசேரிக்காரர் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு செய்தவர். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர். அதற்கு முன் திருவனந்தபுரத்தில் இருந்தபோது, மலையாளத்தின் வட்டாரப் பேச்சை ஊர் ஊராகத் திரட்டவைத்து 1974இல் நூலாக்கினார். ஏட்டில் அவ்வளவு தோய்ந்தவருக்கு எளிய மக்களின் வாய்ச்சொல்லும் சான்றாகத் தெரிந்தது. நம் புலவர் பலருக்கு இந்தக் குணம் வாய்க்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆக, எழுதும்போது காதை நம்பலாமா? எந்த ஊர்க் காது என்பதைப் பொறுத்தது. எழுத்தில் 'சுவரில்' என்றே எழுதுங்கள். அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. பட்டம் பெறும் உங்களில் பலர் ஆசிரியராகப் போகிறீர்கள். விடைத்தாளில் 'சுவற்றில்' வந்தால் திருத்துங்கள். மதிப்பெண்ணைக் குறைக்கும் முன், அந்தப் பிள்ளையைச் சுவர், கிணறு இரண்டையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஒருமுறை கேளுங்கள்.