கதைப் புத்தகம் போகாது, அண்ணே!



புது நாவலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய கதையைச் சொல்லச் சொன்னார்கள் விழாக் குழுவினர். சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை.

மலையகத்தில் ஒருவன் நாவல் எழுதினால் அவனேதான் பதிப்பாளன். அச்சகத்துக்கு முற்பணம் கட்டுகிறவனும் அவனே. முன்னூறோ ஐந்நூறோ பிரதி அடித்து, பெட்டிகள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் ஏறியதும் வீட்டுக்காரி கேட்கிறாள்: “இதெல்லாம் எப்ப வெளிய போகும்?” எந்த விமர்சகரும் என்னை இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை.

ஆகவே தோளில் பையோடு புறப்பட்டேன். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா. அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளை. இந்தப் பக்கம் கண்டி, கொழும்பு. நம் மலை நகரங்களின் புத்தகக் கடையில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொப்பி, பேனை, பாஸ் பேப்பர், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வழிகாட்டி, வருஷப் பிறப்பு நெருங்கினால் கலண்டரும் பஞ்சாங்கமும். முதலாளி என் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். “கதைப் புத்தகம் போகாது, அண்ணே. அஞ்சு வச்சிட்டுப் போங்க. வித்தா பாப்போம்.” மறுமுறை போனால், அந்த ஐந்தும் அட்லஸ் கொப்பிக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வேறொரு கடையில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஐந்தும் விற்றுவிட்டன. அங்கேதான் பாடு அதிகம். விற்காத புத்தகத்தை உடனே திருப்பித் தந்துவிடுவார்கள். விற்றதற்குக் காசு வாங்கத்தான் மறுபடி மறுபடி பஸ் ஏற வேண்டும்.

அந்த முதலாளிமார் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட நாடு இது. அதற்குப் பிறகு ஒரு நாவலை ஆயிரம் ரூபாய்க்குக் குறைத்துக் கொடுக்க எழுத்தாளனுக்கே கட்டுப்படியாகவில்லை. ஆயிரம் ரூபாய் என்றால் நம்மவர்களுக்கு என்ன? தோட்டத்தில் அந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம்! 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024இல் 1350 ஆனது. அதுவும் நிறை சரியாக இருந்து முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை, விழுந்தால்தான். ஒரு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த காசை ஒரு நாவலுக்குக் கொடு என்று ஒரு தாயிடம் கேட்கிறோம். தயங்காமல் என்ன செய்வாள்?

கொழும்பில் வெளியீட்டு விழா என்றால் வேறு காட்சி. பொன்னாடை, மங்கல விளக்கு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி. புரவலர் ஹாசிம் உமர் போன்றவர்கள் முதற்பிரதி வாங்கி எத்தனையோ எழுத்தாளர்களைக் கைதூக்கி விட்டிருக்கிறார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் என் விழாவில் வரிசையில் வந்து, உறையைக் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்கிப் படம் எடுத்துக்கொண்ட பலரிடம் பிறகு பேசினேன். கதாநாயகி பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. காசு வந்தது, வாசகர் வரவில்லை.

சரி, வாசகர் எங்கே? “நம்ம சனம் வாசிக்காது” என்று இந்த மேடையிலேயே பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேட்டு லயத்திலிருந்து ஹட்டனுக்கு வந்து திரும்ப ஒரு நாள் போய்விடும். சம்பளத்துக்குப் பிறகு வருகிற அந்த ஒரு நாளில் மாவு, அரிசி, மருந்து, பிள்ளையின் சப்பாத்து. புத்தகக் கடையின் படி ஏற நேரம் எங்கே இருக்கிறது? அவர்கள் கடைக்கு வரவில்லை என்றால் வாசிக்க மாட்டார்கள் என்றா அர்த்தம்?

நமக்கு முந்தியவர்கள் கடையில் காத்திருக்கவில்லை. நடேசய்யரை நினையுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1919இல் இலங்கைக்கு வந்த மனிதர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று சட்டம் இருந்த காலம். அவர் புடவை வியாபாரி வேஷம் போட்டு உள்ளே போனார். பார்த்ததைப் பத்திரிகையாக, பிரசுரமாக, புத்தகமாக எழுதினார். 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது தலைமையிடமாக வைத்தது இந்த ஹட்டனைத்தான். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்கள்தோறும் போய்ப் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று புத்தகமாகவும் வந்தன. வாசிக்கத் தெரியாதவர் காதால் வாங்கினார். தெரிந்தவர் கையால் வாங்கினார். அப்புறம் பாட்டெழுதித் தாங்களே அச்சடித்து, ரயிலிலும் சந்தையிலும் பாடி விற்ற கவிராயர்கள். இங்கே புத்தகம் நடந்துதான் வந்தது.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா இருந்தார். சலூன் தொழிலாளி, ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கிய எழுத்தாளர். 1966இல் ‘மல்லிகை’ தொடங்கினார். இதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்த் தானே விற்றார். ஆசிரியர், விநியோகஸ்தர், கணக்கப்பிள்ளை எல்லாம் ஒரே ஆள். அது கௌரவக் குறைவு என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. நமக்கென்ன வெட்கம்? சார்ல்ஸ் டிக்கன்ஸ்கூட 1867இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய், மேடை மேடையாகத் தன் கதையைத் தானே வாசித்துக் காட்டினாரே!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரி பத்திரிகை நாவல்களை வெளியிடத் தொடங்கியது. 1974இல் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ வந்தது அப்படித்தான். பத்திரிகை போகிற ஊருக்கெல்லாம் புத்தகமும் போக வழி இருந்தது. அந்த வழி அடைபட்ட பிறகுதான் நாம் கட்டிலுக்கடியில் பெட்டி அடுக்க ஆரம்பித்தோம்.

கடைகளில் அலுத்துப்போய், ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேசை போட்டேன். ஒரு பக்கம் வளையல் கடை, மறுபக்கம் கடலை வண்டி. பொழுது சாயும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஓர் அம்மாயி வந்து நின்றார். “என்ன தம்பி கத இது? வாசிச்சுக் காட்டு பாப்பம்.” கணக்கப்பிள்ளை பிரட்டுக் களத்தில் ஒருத்திக்கு அரைப்பேர் போடுகிற இடத்தை வாசித்தேன். பாதியிலேயே, “இது எங்க பழைய கணக்கப்புள்ளதான?” என்றார். பக்கத்தில் நின்றவர் இன்னொரு பெயர் சொன்னார். மூன்றாமவர் இருவரையும் மறுத்தார். சண்டை முற்றிக் கூட்டம் சேர்ந்தது. யாருக்கு அரைப்பேர் விழுந்தது, அப்புறம் அவள் என்ன செய்தாள் என்று கேட்டார்கள். “புத்தகத்தில் இருக்கிறது” என்றேன்.

வாங்கியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வீடு வந்திருந்த பொடியன்களும் பிள்ளைகளும். அம்மாயிக்கு வாசித்துக் காட்ட ஒரு பேத்தி வாங்கினாள். நம் வாசகரின் சட்டைப்பை இப்போது கொழும்புப் புறக்கோட்டையில் நிறைகிறது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மலைக்கு வருகிறது. நாமோ மழை மாதத்தில், வேலை நாளில், நகர மண்டபத்தில் விழா வைத்துவிட்டு, சனம் வரவில்லை என்கிறோம்.

அதனால் இந்தச் சபையிடம் வெளிப்படையாகக் கேட்கிறேன். எழுத்தாளர்களுக்கு முதலில்: நண்பர்களுக்கு இலவசப் பிரதி கொடுப்பதை நிறுத்துங்கள்; நண்பன் காசு கொடுக்காத புத்தகத்துக்கு ஊரான் எதற்குக் கொடுப்பான்? கடை வைத்திருக்கும் முதலாளிமாரே, கல்லாவுக்குப் பக்கத்தில் மலையகப் புத்தகத்துக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள், மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கைத் தீருங்கள், போதும். கோயில் கமிட்டியினர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கினால் எங்களில் ஒருவர் வந்து வாசிக்கிறோம். என் நாவலைத்தான் என்று இல்லை. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இருக்கிறது, சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ இருக்கிறது. ஆசிரியர்மாரே, வாசிக்க நல்ல குரல் உள்ள பிள்ளை ஒன்றை உங்கள் பாடசாலையிலிருந்து அனுப்புங்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. அங்கே ஒரு கொப்பியும் வைத்திருக்கிறோம். தோட்டத்தின் பெயர், திருவிழாத் தேதி, தொடர்புக்கு ஒருவர் பெயர், இவ்வளவையும் எழுதிவிட்டுப் போங்கள். பஸ் செலவு எங்களுடையது.